மேசை மீது ஒரு பேய் நகரம்: கோதிக் பாணியில் ஸ்டாப் மோஷன் காட்சி எடுக்கும் முறை

பொம்மைகளை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி எடுக்கும் படங்களில், இருளும் அழகும் கலந்த கோதிக் பாணிக்கு இலக்கணம் வகுத்தது எது என்று கேட்டால், 1993ஆம் ஆண்டு வெளியான 'த நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். படத்தின் பெயரோடு டிம் பர்ட்டனின் பெயரும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அவரே அதை இயக்கினார் என்ற எண்ணம் பரவலாக உண்டு. கதையும் பாத்திரங்களும் அவர் மனத்தில் பிறந்தவை, தயாரிப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் சுமார் மூன்று ஆண்டுகள் பொம்மைகளோடு மல்லுக்கட்டிப் படத்தை இயக்கியவர் ஹென்றி செலிக். அந்தப் படமும் அதைத் தொடர்ந்து வந்த சில படங்களும் கையாண்ட காட்சி விதிகளைக் கொண்டு, முப்பது விநாடி நீளமுள்ள ஒரு காட்சியை வீட்டு மேசையில் எடுப்பது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

இந்தப் பாணியில் இறங்குவோர் பலரும் முதல் வேலையாகக் கறுப்பு வண்ண டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். சுவர் கறுப்பு, தரை கறுப்பு, பொம்மையின் உடை கறுப்பு என்று பூசி முடித்துப் படம் பிடித்தால், திரையில் எதுவும் தெரியாத ஓர் இருட்டுதான் மிஞ்சுகிறது. கோதிக் தோற்றத்தின் முக்கால் பங்கைக் கோடும் உருவமும் சுமக்கின்றன. மீதியில் பெரும்பகுதி வெளிச்சத்தின் திசைக்கு உரியது. வண்ணம் கடைசியில் வந்து சேர்வது. வேலையையும் அதே வரிசையில் செய்வது நல்லது.

முதலில் படத்தைப் பார்க்கும் முறை

ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு, பத்து விநாடிக்கு ஒரு முறை படத்தை நிறுத்தி, ஒரு தாளில் வெறும் கோடுகளை மட்டும் வரைந்து பாருங்கள். 'நைட்மேர்' பாத்திரங்கள் வாழும் ஹாலோவீன் நகரத்தில் செங்குத்தான சுவர் ஒன்றைக் கண்டுபிடிப்பதே கடினம் என்பது விரைவில் புலப்படும். வீடுகள் சாய்கின்றன, கூரைகள் ஊசிபோல் மேலே ஏறுகின்றன, வேலிக் கம்பிகளில் இரண்டுகூட இணையாக நிற்பதில்லை. இதன் வேர் ஜெர்மனியின் மௌனப் படங்களில் இருக்கிறது. 1920ஆம் ஆண்டு ராபர்ட் வீனே இயக்கிய 'தி கேபினட் ஆஃப் டாக்டர் கலிகாரி' படத்தில் கோணல் வீடுகளைத் திரைச்சீலையிலும் பலகையிலும் தீட்டியதோடு நில்லாமல், நிழல்களையும் வெளிச்சக் கீற்றுகளையும்கூடத் தூரிகையால் வரைந்தே வைத்தார்கள்.

அடுத்து, ஒரே படத்தில் உலகங்கள் எப்படி வேறுபடுகின்றன என்று கவனியுங்கள். ஹாலோவீன் நகரம் கறுப்பு, சாம்பல், ஆரஞ்சு என்ற குறுகிய வண்ணங்களில் கூர்மையான வடிவங்களால் ஆனது. கிறிஸ்துமஸ் நகரம் வளைவுகளாலும் பளிச்சென்ற நிறங்களாலும் ஆனது. மனிதர்கள் வாழும் ஊர் மட்டும் நேர்க்கோடுகளும் சப்பென்ற நிறங்களுமாக இருக்கிறது. 2005இல் பர்ட்டனும் மைக் ஜான்சனும் சேர்ந்து இயக்கிய 'கார்ப்ஸ் பிரைடு' படத்தில் உயிரோடு இருப்பவர்களின் ஊர் சாம்பல் பூத்துக் கிடக்க, இறந்தவர்களின் உலகம் பச்சையும் ஊதாவுமாகக் களைகட்டுகிறது. செலிக் 2009இல் எடுத்த 'கோரலைன்' படத்தில் வேறுபாடு இன்னும் நுட்பமானது: சலிப்பூட்டும் நிஜ வீட்டின் அறைகளை ஆழம் குறைவாகவும், மறு உலகத்து அறைகளை அதே அமைப்பில் ஆழம் மிகுதியாகவும் கட்டினார்கள். 3டி கண்ணாடி அணிந்து பார்த்தவர்கள் காரணம் தெரியாமலே முதல் வீட்டில் மூச்சுமுட்டலை உணர்ந்திருப்பார்கள்.

எனவே உங்கள் முப்பது விநாடிக்குள்ளும் இரண்டு இடங்கள் இருக்கட்டும். ஒரு சவப்பெட்டிக் கடையின் உட்புறமும் அதன் ஜன்னலுக்கு வெளியே தெரியும் தெருவும் போதும். ஒன்றில் நேர்க்கோடு, மற்றதில் கோணல் என்று முடிவு செய்து எழுதி வையுங்கள். எல்லாமே கோணலாக இருந்தால் கோணல் கண்ணில் படாது.

நிழலுருவம்

பாத்திரத்தை வரையும்போது கண், மூக்கு, உடை எதையும் தொடாமல், உருவம் முழுவதையும் மையால் நிரப்பிய ஒரே கரிய வடிவமாக வரையுங்கள். அந்த நிழலை மட்டும் பார்த்து அது யார், எத்தகைய குணம் கொண்டது என்று மற்றொருவர் சொல்ல முடிந்தால் அந்த வடிவம் தேறியது. 'நைட்மேர்' படத்தின் நாயகன் ஜாக் ஸ்கெலிங்டனின் நிழலுருவம் மெல்லிய குச்சிக் கால்களும் அதன் உச்சியில் ஓர் உருண்டையும்தான். எத்தனை தொலைவிலிருந்து பார்த்தாலும் வேறு யாரோடும் குழம்புவதில்லை. அவனுக்கு நேர் எதிராக, வில்லன் ஊகி பூகி ஒரு வீங்கிய சாக்கு மூட்டை. ஒல்லிக்கு எதிரே பருமன், உயரத்துக்கு எதிரே குள்ளம் என்று முரண்பட்ட வடிவங்களை இணையாக நிறுத்துவது இப்பாணியின் பழைய உத்தி.

ஜாக்கின் கறுப்புக் கோட்டில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடுவதையும் கவனியுங்கள். அவை இல்லாவிட்டால் நள்ளிரவுப் பின்னணியில் அவன் உடல் கரைந்து தலை மட்டும் மிதக்கும். உங்கள் பொம்மைக்குக் கரிய உடை கட்டாயம் என்றால், ஓரங்களில் வெளிர் நூலால் தையல் ஓட்டுங்கள் அல்லது உலர்ந்த தூரிகையால் மடிப்புகளின் மேல் சாம்பல் நிறத்தை லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

பொம்மை

பெரிய நிறுவனங்கள் பந்துமூட்டுகள் கொண்ட எஃகுக் கூட்டைப் பொம்மைக்குள் வைக்கின்றன. வீட்டில் அதற்கு மாற்று அலுமினியக் கம்பி. ஒன்றரை மில்லிமீட்டர் கம்பியை இரண்டாக மடித்து, முனையை டிரில் இயந்திரத்தில் மாட்டி மெதுவாக முறுக்கினால் வளைந்த இடத்தில் நிற்கும் உறுதி கிடைக்கும். கட்டடம் கட்டுவோர் பயன்படுத்தும் கட்டுக்கம்பி மலிவுதான், ஆனால் வளைத்த பின் சற்றே பின்னால் துள்ளும் குணம் அதற்கு இருப்பதால் நுண்ணிய அசைவுக்கு ஒத்துவராது. தோள்பட்டை, இடுப்பு, முன்கை, தொடை ஆகிய வளையக் கூடாத பகுதிகளை எம்-சீல் என்ற இறுகும் பசைமாவு கொண்டு இறுக்கிவிட்டு, மூட்டுகளில் மட்டும் கம்பியைத் திறந்து விடுங்கள். எலும்பு எங்கே, மூட்டு எங்கே என்ற இந்தப் பிரிவு இல்லாவிட்டால் கை ரப்பர் குழாயாக வளைந்து, பொம்மையின் எடையையே பார்ப்பவர் நம்ப மாட்டார்.

கோதிக் பொம்மையில் தொல்லை தரும் இடம் கணுக்கால். ஒல்லிக் கால், பெரிய தலை என்ற வடிவம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கவிழப் பார்க்கும். இருபத்தைந்து சென்டிமீட்டர் உயரப் பொம்மை என்றால் தலையைக் களிமண்ணில் செய்யாமல், தெர்மாகோல் உருண்டையின் மேல் மெல்லிய தாளை ஃபெவிகால் தடவி ஒட்டிச் செய்யுங்கள். பாதத்துக்குள் ஒரு நட்டை எம்-சீலில் புதைத்து, மேடைப் பலகையில் துளையிட்டு, கீழிருந்து திருகாணியால் இறுக்குங்கள். நடக்கும் காட்சியில் ஊன்றிய கால் எப்போதும் திருகப்பட்டிருக்க, மற்றக் கால் மட்டும் காற்றில் நகரும். கணுக்காலில் கம்பி முதலில் முறியும் என்பதால் கால்களைக் கழற்றி மாட்டும்படி செய்து, மாற்றுக் கால் இரண்டு தயாராக வைத்திருப்பது நல்லது.

முகத்தை அசைப்பதற்கு நான்கு வழிகளை இந்தப் படங்கள் காட்டுகின்றன. ஜாக்குக்குக் கண்மணியே கிடையாது. குழிகளின் வடிவமும் வாயின் கோடுமே உணர்ச்சி அனைத்தையும் காட்ட வேண்டியிருந்ததால், நானூறுக்கும் மேற்பட்ட தலைகளைச் செய்து ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாற்றினார்கள். அதே படத்தின் நாயகி சாலிக்கு நீண்ட கூந்தல் உண்டு, தலையை மாற்றினால் கூந்தல் கலைந்து திரையில் துடிக்கும் என்பதால் முகமூடியை மட்டும் கழற்றி மாட்டினார்கள். 'கார்ப்ஸ் பிரைடு' பொம்மைகளின் தலைக்குள் சிறு பற்சக்கரங்கள் இருந்தன. காதுக்குள் சாவியைச் செலுத்தித் திருகினால் சிலிக்கான் தோல் இழுபட்டு உதடு சிரிக்கும். கோரலைனின் முகங்களோ 3டி அச்சில் வார்க்கப்பட்டவை. நெற்றிப் பகுதியும் வாய்ப் பகுதியும் சேரும் கோட்டைப் பிறகு கணினியில் அழித்தார்கள். வீட்டுக்கு உகந்தது சாலியின் வழிதான்.

தமிழில் வசனம் பேச வைப்பதானால் ஆறு வாய்கள் போதுமானவை: மூடியது, 'ஆ'வுக்கு அகலத் திறந்தது, 'ஈ', 'ஏ' ஒலிகளுக்கு இருபுறம் இழுபட்டது, 'ஓ', 'ஊ' ஒலிகளுக்குக் குவிந்தது, 'வ'வுக்குக் கீழுதடு பல்லைத் தொடுவது, பாதி திறந்த பொதுவான வாய். க, ட, ழ போன்ற வாய்க்குள்ளேயே பிறக்கும் ஒலிகளுக்குத் தனி வடிவம் தேவையில்லை, பக்கத்து உயிரொலியின் வாயே அவற்றையும் சுமந்துவிடும். விட்டுவிடக் கூடாதவை உதடு ஒட்டும் ஒலிகள். 'அப்பா', 'அம்மா' போன்ற சொற்களில் ஒற்று இரட்டிப்பதால் உதடு மூடிய நிலை நீள்கிறது. விநாடிக்குப் பன்னிரண்டு ஃப்ரேம் கணக்கில் அதற்கு இரண்டு ஃப்ரேம் கொடுங்கள். ஒரே ஃப்ரேமில் முடித்தால் 'அபா' என்று பேசுவது போலத் தெரியும். குரலை முதலில் பதிவு செய்து, ஒவ்வோர் ஒலியும் எத்தனையாவது ஃப்ரேமில் விழுகிறது என்று அட்டவணை எழுதிய பிறகே பொம்மையைத் தொட வேண்டும்.

உடைக்குத் துணி எடுக்கும்போது நெசவைப் பாருங்கள். பொம்மையின் அளவுக்குச் சாதாரணச் சட்டைத் துணியின் இழைகூடச் சாக்கு நெசவாகத் தெரியும். மல் துணி, பழைய கைக்குட்டை போன்ற மெல்லியவை பொருந்தும். கோரலைனின் கம்பளிச் சட்டைகளை ஆல்த்தியா குரோம் என்ற கலைஞர் நூல் போன்ற மெல்லிய பின்னல் ஊசிகளைக் கொண்டு கையாலேயே பின்னினார். ரோமம் வேண்டாம். விரல் பட்ட இடமெல்லாம் அது கலைந்து, 1933இன் 'கிங் காங்' உடம்பில் தெரிவதுபோல ஓயாமல் சிலிர்த்துக்கொண்டிருக்கும்.

நகரம்

செட்டைக் கட்டுவதற்கு முன் சாய்வுக்கு ஒரு விதி வகுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கட்டடங்களும் காட்சியின் நடுவை நோக்கிச் சாய்ந்தால் பாத்திரம் சிறைப்பட்டிருப்பதாகத் தோன்றும். ஒரே பக்கம் சாய்ந்தால் காற்று வீசுவதாக, ஊரே நழுவுவதாகத் தோன்றும். மனம்போன போக்கில் சாய்த்தால் வெறும் அவசர வேலையாகவே தெரியும். கதவைக் கீழே குறுகலாகவும் மேலே அகலமாகவும் வெட்டுவது, ஜன்னல்களைச் சுவரின் நடுவிலிருந்து ஒதுக்கி வைப்பது, கூரையின் முனையைச் சற்று வளைத்துவிடுவது ஆகியவை சிறிய உழைப்பில் பெரிய பலன் தருபவை.

மேற்பரப்பில்தான் இந்தப் பாணியின் கைரேகை இருக்கிறது. எட்வர்ட் கோரி, ரொனால்ட் சர்ல் ஆகிய ஓவியர்களின் பேனாக் கோட்டுச் சித்திரங்கள் 'நைட்மேர்' படத்தின் கலைஞர்களைப் பெரிதும் கவர்ந்தவை. அந்தப் பேனாக் கோடுகளை முப்பரிமாணத்துக்குக் கொண்டுவர, செட்டின் மேல் களிமண்ணையோ பிளாஸ்டரையோ பூசி, அது உலர்வதற்குள் கோடு கோடாகக் கீறினார்கள். நீங்கள் அட்டைச் சுவரின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஃபெவிகாலோடு குழைத்து இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் பூசிவிட்டு, சற்று இறுகியதும் ஆணி முனையாலோ பழைய சீப்பாலோ கீறலாம். கோடுகள் வடிவத்தின் வளைவைத் தொடர்ந்து செல்ல வேண்டும்: தூணில் சுற்றி வரட்டும், சுவரில் நிழல் விழும் பக்கத்தில் நெருங்கி நிற்கட்டும், வெளிச்சம் படும் பக்கத்தில் அருகட்டும். உலர்ந்தபின் முழுவதும் நடுத்தரச் சாம்பல் பூசி, நீர்த்த கறுப்பைக் கீறல்களுக்குள் ஓடவிட்டு, மேட்டை ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் சுவரே வரைந்ததுபோல் ஆகிவிடும்.

செட்டை உங்கள் கை எட்டும் ஆழத்துக்கு மேல் கட்டாதீர்கள். கையை நீட்டும்போது முழங்கை ஒரு வேலியில் இடித்தால் அந்த ஷாட் அத்தோடு முடிந்தது. 'நைட்மேர்' செட்டுகளில் அனிமேட்டர்கள் உள்ளிருந்து தலைநீட்டிப் பொம்மையைத் தொடுவதற்கென்றே தரையில் மறைவான திறப்புகளை வைத்திருந்தார்கள். வீட்டில் பின்சுவரைக் கழற்றி மாட்டும்படி செய்தால் போதும். மரம் செடிகளுக்கு உண்மையான வேர்களும் காய்ந்த முருங்கைக் கிளைகளும் பயன்படும். பச்சை இலை மட்டும் ஆகாது, படப்பிடிப்பு நீளும்போது அது வாடுவது திரையில் நன்றாகத் தெரியும். 'கோரலைன்' படத்தின் பூத்த மரங்களில் பூவாக இருந்தது வண்ணம் பூசிய சோளப்பொரி.

வெளிச்சமும் கேமராவும்

முதன்மை விளக்கு ஒன்று, பக்கவாட்டில், பொம்மையின் தலைக்குச் சற்று மேலே. இரண்டாவது விளக்கு பின்னாலிருந்து, தோளிலும் தலையிலும் மெல்லிய ஒளிக்கோடு விழும்படி. முன்பக்கத்திலிருந்து வெளிச்சமே வேண்டாம். தேவைப்பட்டால் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தால் போதும். விளக்குக்கும் செட்டுக்கும் இடையே கிளை வடிவில் வெட்டிய அட்டையை நிறுத்தினால் வெற்றுச் சுவரும் காடாகும். 'கலிகாரி' போல நிழலைத் தீட்டுவதும் நல்ல உத்திதான், ஆனால் அதைக் கட்டடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நகரும் பொம்மைக்கு உண்மையான நிழலே வேண்டும், இரண்டும் ஒரே திசையில் விழவும் வேண்டும்.

அறையின் ஜன்னல்களை முழுவதும் அடைத்துவிட்டு இரவில் எடுப்பது மேல், ஏனெனில் பகல் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கரிய உடை அணிந்து, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரே இடத்தில் நின்று படம் பிடியுங்கள். வெள்ளைச் சட்டை விளக்கொளியைச் செட்டின் மேல் எறியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்கு விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/25 விநாடி அல்லது அதைவிட நீளமாக வைத்தால் அந்தத் துடிப்பு படத்தில் ஏறாது. அசையாத பொம்மைக்கு அரை விநாடி ஷட்டர்கூடத் தடையில்லை.

வெளிச்சம், ஃபோகஸ், வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) மூன்றையும் பூட்டாமல் தொடங்கக் கூடாது. கைபேசி என்றால் அதற்கான ஸ்டாப் மோஷன் செயலியில் இவற்றைப் பூட்டும் வசதியும், முந்தைய ஃப்ரேமை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின் வசதியும் உள்ளனவா என்று பாருங்கள். டிஜிட்டல் கேமரா என்றால் லென்ஸின் அபர்ச்சர், அதாவது ஒளி புகும் துளை, ஒவ்வொரு முறையும் மூடித் திறக்கையில் இம்மியளவு மாறுவதே படபடவென மின்னுவதற்குக் காரணம். கையால் அபர்ச்சர் வளையத்தைத் திருகும் பழைய லென்ஸ் இதற்கு மருந்து. அபர்ச்சரை எஃப் 8 முதல் 11 வரை வையுங்கள். பின்னணி மிகவும் மங்கினால் பார்ப்பவர் கண்ணுக்கு அது நகரமாகத் தெரியாது, பொம்மை வீடாகத்தான் தெரியும். கேமராவின் உயரம் பொம்மையின் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். நிற்கும் மனிதன் குனிந்து பார்க்கும் கோணம் எல்லா மாயத்தையும் கலைத்துவிடும்.

வண்ணத்தைப் பற்றிச் சொல்ல இனி அதிகமில்லை. சாம்பலின் மூன்று படிகள், அவற்றோடு ஒரே ஒரு கூர்மையான நிறம். அந்த நிறம் கதைக்கு முக்கியமான பொருளில் மட்டும் இருக்கட்டும். செட்டைக் கைபேசியின் கறுப்பு வெள்ளை முறையில் அவ்வப்போது பாருங்கள். 2012இல் வந்த 'ஃபிராங்கன்வீனி' முழுவதும் கறுப்பு வெள்ளையில் இருந்தும் ஒவ்வொரு பொருளும் தனித்துத் தெரிவதற்குக் காரணம், வெளிர் எது, கருமை எது என்பதை அதில் கவனமாகப் பிரித்திருந்ததுதான்.

அசைவு

திரைப்படங்கள் விநாடிக்கு 24 ஃப்ரேமில் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1440 நிலைகள். நீங்கள் விநாடிக்குப் பன்னிரண்டு எடுங்கள், முப்பது விநாடிக்கு 360 படங்கள் ஆகும். சற்றே வெட்டி வெட்டி நகரும் அந்த நடை இந்தப் பாணிக்குக் கேடு செய்வதில்லை, இன்னும் கேட்டால் பொருந்தியே போகும்.

கோதிக் பாத்திரத்தின் அசைவில் நிறுத்தமே பாதி. ஓர் அசைவுக்கு முன் எதிர்ப்பக்கம் சிறிது பின்வாங்கட்டும், பிறகு இரண்டு மூன்று ஃப்ரேமில் சட்டென்று பாயட்டும், பாய்ந்த இடத்தில் எட்டு ஃப்ரேமாவது நிற்கட்டும். நிற்கும்போது முற்றிலும் உறைந்துவிட்டால் உயிர் போய்விடும். ஒரு விரலோ தலையோ முடிமுனை அளவு தொடர்ந்து அடங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நீண்ட கைகால்கள் எல்லாம் ஒரே ஃப்ரேமில் புறப்பட்டு ஒரே ஃப்ரேமில் நின்றால் இயந்திரமாகத் தெரியும். தோள் முதலில், முழங்கை ஒரு ஃப்ரேம் கழித்து, மணிக்கட்டு அதற்கும் பிறகு, விரல்கள் கடைசியில் என்று பிரித்து நகர்த்துங்கள். சிலந்தியின் நடையை ஒரு முறை உற்றுக் கவனித்துவிட்டு வந்தால் இது எளிதில் கைவரும்.

குதிக்கும் காட்சிக்குப் பொம்மையின் முதுகில் ஒரு கம்பியைச் செருகித் தாங்க வேண்டியிருக்கும். அதைக் கணினியில் அழிப்பதற்குப் பொம்மை இல்லாத வெற்றுச் செட்டின் படம் தேவை. அந்த வெற்றுப் படத்தை ஷாட் தொடங்கும் முன் ஒன்றும் முடிந்த பின் ஒன்றுமாக எடுத்துவிடுங்கள், ஏனெனில் பல மணி நேரத்தில் விளக்கு சூடேறி நிறம் சற்று மாறியிருக்கும், செட்டும் நூலிழை அளவு நகர்ந்திருக்கும். கம்பி இருந்த இடத்தை அருகில் உள்ள வெற்றுப் படத்திலிருந்து நிரப்பி, கம்பியின் நிழலையும் சேர்த்தே அழித்த பிறகு, கோப்பை விநாடிக்குப் பன்னிரண்டு ஃப்ரேம் என்ற அமைப்பிலேயே வெளியெடுங்கள். மென்பொருள் இடைப்பட்ட ஃப்ரேம்களைத் தானே உருவாக்கி அசைவை வழவழப்பாக்க முன்வந்தால் அந்தத் தேர்வை அணைத்துவிடுங்கள்.